பலாக்கட்டையில் ஓர் ஆணி

சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கீலும் போல்ட்டும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது துப்பறியும் தளவாயின் ஆபீஸ். மரப்படி ஏறி வருகிற எவரும் கடைசிப் படியில் தடுக்காமல் உள்ளே வந்தது கிடையாது. அந்தப் படியைச் சரி செய்யக் கூடாது என்று தளவாய் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். பொய்யோடு வருகிறவன் தடுக்கினால் யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பான், நிஜமான கஷ்டத்தோடு வருகிறவனுக்குத் தடுக்கியதே தெரியாது என்பது அவர் கணக்கு.

மாடம்மாள் நன்றாகத் தடுக்கினாள். அவளுக்கு அது தெரியவே இல்லை.

மழைக்குத் தலையில் போட்டு வந்த கோணியை வாசலில் போட்டுவிட்டு நேராக மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்து, கோபம் மட்டும் மிஞ்சின முகம்.

“எம் புருசன் ரெண்டு கையையும் வெட்டினவன் யாருன்னு எனக்குத் தெரியும் ஐயா. நீங்க அதை நிரூபிச்சுத் தந்தாப் போதும்” என்றாள்.

டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ராஜபாய் நிமிர்ந்து பார்த்தாள். அவள் குழித்துறைக்காரி. டைப் அடிப்பதற்கென்று தளவாயிடம் வேலைக்குச் சேர்ந்து, டைப் அடித்ததைவிட வாயடித்ததே அதிகம் என்று பெயர் வாங்கியவள். வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் முதலில் இவளிடம் எரிச்சல்பட்டு, பிறகு இவளிடம்தான் உண்மையைச் சொல்வார்கள். அதனால் தளவாய் அவள் வாயை அடக்குவதில்லை.

“ஆளைத் தெரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சாச்சு சார். நமக்குப் பாதி நாள் லீவு” என்றாள் ராஜபாய்.

தளவாய் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதில்லை. மாடம்மாளை உட்காரச் சொல்லி, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அவள் சொன்னது இது. அவள் புருஷன் வன்னியராஜ், கரமனை ஆற்றங்கரையில் உள்ள வேலாயுதன் மரப்பட்டறையில் இழைப்பு மிஷின் ஓட்டுகிறவன். பட்டறையில் இருப்பது ஒரே மிஷின்தான். காலையில் வன்னியராஜும் பிற்பகலில் யோசுவா என்பவனும் மாறி மாறி ஓட்டுவார்கள். போன வாரம் ஒரு காலையில் வன்னியராஜ் நாற்காலிக் கால்களுக்கான பலாக்கட்டையை இழைத்துக்கொண்டிருந்தபோது கட்டை திருப்பி அடித்தது. அழுத்திப் பிடித்திருந்த இரண்டு கையும் கத்திமேல் விழுந்தன. வலது கையில் ஒரு விரலும் இல்லை. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போலீஸ் வந்து பார்த்துவிட்டு, கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனது.

யோசுவாதான் செய்தான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று தளவாய் கேட்டார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. வன்னியராஜின் தங்கை பொன்னம்மையும் அதே பட்டறையில் பாலீஷ் பிரிவில் வேலை செய்கிறாள். அவளை யோசுவா கட்டிக்கொள்ள வேண்டும் என்றான். வேதக்காரனுக்கு, கிறிஸ்தவனுக்கு, பெண் கொடுக்க மாட்டேன் என்று வன்னியராஜ் அவனைப் பட்டறை வாசலில் வைத்தே அறைந்தான். அறை வாங்கினவன் சும்மா இருப்பானா?

“எம் புருசன் கவனக்குறைவா வேலை செய்யுத ஆளே இல்ல. எங்கிட்ட வேணும்னா கவனமில்லாம இருப்பாரு, மிஷினுகிட்ட இருக்க மாட்டாரு.”

ராஜபாய் அதற்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மாடம்மாளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

போகும்போது மாடம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்னச் சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். பட்டறையில் இருக்கும் வன்னியராஜின் சாமான் பெட்டிச் சாவி. அவன் அரைஞாண் கயிற்றிலேயே கிடந்ததை ஆஸ்பத்திரியில் துணியோடு சேர்த்துக் கழற்றிக் கொடுத்தார்களாம். பெட்டியில் உள்ள உளிகளையாவது எடுத்து வர வேண்டும், அவற்றை விற்றால் அரிசிக்காகும் என்றாள்.

*

கரமனைக்குப் பஸ்ஸில் போய் இறங்கும்போது இடவப்பாதிப் பருவமழை கொஞ்சம் விட்டிருந்தது. பட்டறை முதலாளி வேலாயுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே எதிர்கொண்டார். தடித்த மனிதர். நடந்ததில் அவருக்கு உண்டான துக்கத்தைக் கேட்காமலே சொன்னார். பெங்களூரிலிருந்து வரவழைத்த புதுக் கத்திகள் இரண்டு முனை ஒடிந்து போய்விட்டன. உருளையைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டியதாயிற்று. விரல்களைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னார்.

“நியமம் நியமம்தான் சாரே. எண்டெ பட்டறையில எல்லாம் எழுதி வச்சிட்டுண்டு. அவன் பாக்கலைன்னா நான் என்ன செய்யும்?” என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. தமிழிலும் மலையாளத்திலும் சிவப்பு எழுத்து. மோதிரமும் வாட்சும் கழற்ற வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட வேண்டும். கையுறை போடக் கூடாது. கட்டையில் ஆணி இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும். குட்டைக் கட்டையைத் தள்ளுகட்டை இல்லாமல் தள்ளக் கூடாது. கத்தி நிற்பதற்கு முன் மேஜையில் கை வைக்கக் கூடாது. மூடி இல்லாமல் மிஷினை ஓட்டவே கூடாது.

ராஜபாய் பக்தியோடு கிட்டப் போய் ஒரு எழுத்தைத் தொட்டாள். விரல் நுனி சிவப்பாக வந்தது.

“முதலாளி, உங்க நியமம் இன்னும் காயல்லியே.”

வேலாயுதன் தொண்டையைச் செருமினார். பழைய பலகை மழையில் அழிந்துபோனதால் நேற்றுதான் புதிதாக எழுதினது என்றார். பழைய பலகைக்கு ஆணி அடித்த ஓட்டை எங்கே என்று தளவாய் கேட்டதும் அவருக்கு வேறு ஜோலி நினைவுக்கு வந்து, யோசுவாவைக் கூப்பிட்டு விட்டுவிட்டுப் போனார்.

யோசுவா ஒல்லியான இளைஞன். மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னபோது அவன் கை லேசாக நடுங்கியது. இரண்டு இரும்பு மேஜைகள், நடுவில் ஒரு பிளவு. பிளவுக்குள் கத்தி பதித்த உருளை சுழல்கிறது. மேஜைமேல் கட்டையை வைத்துத் தள்ளினால் அடிப்பக்கம் சீவிக்கொண்டு போகும். சுழலும்போது கத்தி கண்ணுக்குத் தெரிவதில்லை. பிளவில் ஒரு பளபளப்பு மட்டும் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும், ஒரு சத்தம் காதைத் துளைக்கும், அவ்வளவுதான். கட்டை வருகிற அளவுக்கு மட்டும் ஒதுங்கிக் கொடுத்து மற்ற இடத்தை மறைத்து நிற்பது மூடி. மூடி இல்லாதபோது கட்டை ஏதாவது இரும்பில் முட்டித் திருப்பி அடித்தால், கட்டை இருந்த இடத்தில் கை இருக்கும்.

யோசுவா ஒரு கட்டையை எடுத்து நாலு பக்கமும் தடவிப் பார்த்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம்தான் மேஜையில் வைத்தான்.

“எப்பவும் இப்பிடித்தான் தடவிப் பாப்பியா?” என்று தளவாய் கேட்டார்.

அவன் தலை குனிந்தான். “இல்ல சார். எனக்க வழக்கம் அது இல்ல. எடுப்பேன், தள்ளுவேன். வன்னியராஜ் அண்ணன்தான் ஒவ்வொண்ணையும் தடவிப் பாப்பாரு. நீ ஒருநாள் கையைக் குடுக்கப் போறேன்னு என்னைத் திட்டவும் செய்வாரு. இப்பந்தான் பயமா இருக்கு.”

அவன் இன்னொன்றும் சொன்னான். விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வேலையை முடித்துப் போகும்போது மூடி மிஷினில்தான் இருந்தது. மறுநாள் காலையில் வன்னியராஜ் முதலாளியிடம் போய், மூடியின் போல்ட்டு புரி தேய்ந்துவிட்டது, கழற்றி வைத்திருக்கிறேன், வேறு வாங்கும்வரை மூடி இல்லாமல் ஓட்டிக்கொள்கிறோம் என்று சொன்னானாம். முதலாளி சரி என்று தலையாட்டினதைப் பட்டறை முழுக்கப் பார்த்தது.

தளவாய் சாமான் பெட்டியைத் திறந்தார். உளிகள், ஒரு சுத்தியல், ஒரு தேன்மெழுகு உருண்டை, குட்டையாய் ஒரு நீலப் பென்சில். கந்தைத் துணியில் பொதிந்து அடியில் அந்த போல்ட்டு. ராஜபாய் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். புரி புத்தம் புதிதாக இருந்தது. கீழே இருக்கும் கடையில் தினமும் பார்க்கிறாளே, அவளுக்குத் தெரியாதா? ஒரு நட்டைப் போட்டுத் திருகினாள். வழுக்கிக்கொண்டு ஏறியது.

“மூடி இருந்தா வேலை மெதுவா நடக்கும். அதுக்காகப் பொய் சொல்லிக் கழட்டியிருக்காரு. கவனமான ஆளு, கேட்டீங்களா?” என்றாள்.

“ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பாக்குறவனுக்கு என்ன அவசரம்?” என்றார் தளவாய்.

பின்பக்கக் கொட்டகையில் பொன்னம்மை குனிந்து உட்கார்ந்து ஒரு நாற்காலி முதுகை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். துண்டுக்கு வெளியே ஒரு மயிர்கூடத் தெரியவில்லை. தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகளில் ரேகையே இல்லை. தளவாய் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். காலையில் கட்டைகளைச் சுமந்து மிஷின் பக்கத்தில் அடுக்குவதும் அவள் வேலைதான். அண்ணனுக்கு ஒரு அடுக்கு, யோசுவாவுக்கு ஒரு அடுக்கு. அன்றைக்கும் அப்படித்தான் அடுக்கினாள். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவ்வளவுதான் தெரியும்.

அவள் முகத்தில் அழுகை இல்லை. ராஜபாய்க்கு அது பிடித்திருந்தது. எல்லோரும் அழுகிற இடத்தில் அழாதவளைப் பார்த்தால் அவளுக்கு மரியாதை வரும்.

இனி பார்க்க வேண்டியது ஒன்றுதான். திருப்பி அடித்த அந்தக் கட்டை. அதைப் பற்றிக் கேட்டபோது வேலாயுதன் கையை விரித்தார். உடைந்த கட்டையெல்லாம் எதிரே இருக்கிற டீக்கடைக்கு விறகாகப் போய்விடும், இதற்குள் சாம்பலாகியிருக்கும் என்றார்.

*

டீக்கடை வேல்சாமி திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். ராஜபாய் இரண்டு டீ சொல்லிவிட்டு, முதல் டீ ஆறுவதற்குள் விஷயத்தை வாங்கிவிட்டாள். அந்தக் கட்டை எரியவில்லை. ரத்தம் பிடித்த கட்டையை அடுப்பில் வைக்க வேல்சாமிக்கு மனம் வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போட்டிருந்தான். அன்றைக்குப் பட்டறையிலிருந்து வந்த மரச்சீவல் சாக்கில் ஒரு விரலும் வந்ததாம். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டானாம். மோதிரம் போட்ட தடம் இருந்தது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

ராஜபாய் இரண்டாவது டீயைத் தொடவில்லை.

கட்டை ஒன்றரை முழம் இருந்தது. பலாவின் மஞ்சள் நிறம் ஒரு பக்கம் கறுத்துக் கிடந்தது. தளவாய் பெஞ்சில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். அடிப்பக்கம் கொஞ்ச தூரம் வழவழவென்று இழைபட்டு, சட்டென்று பிய்ந்திருந்தது. பிய்ந்த இடத்தில் ஒரு ஆணி. தலை வெட்டின ஆணி. மரத்துக்குள் ஆழமாக இறக்கி, மேலே மெழுகும் மரத்தூளும் குழைத்துப் பூசி மறைத்திருந்தது. முதல் தடவை இழைக்கும்போது ஒன்றும் ஆகாது. இரண்டாவது தடவை கத்தி போய் முட்டும்.

“யோசுவாதான். காரணம் இருக்கு, சமயம் இருக்கு” என்றாள் ராஜபாய். “நல்ல ஆளு மாதிரி நடுங்கவும் செய்தான். எனக்கு நடுங்குற ஆம்பளைங்க மேல நம்பிக்கை இல்ல சார்.”

தளவாய் கட்டையின் முனையை அவள் பக்கம் திருப்பினார். வாளால் அறுத்த முனை. சொரசொரவென்று பிசிறு நின்றது. ஆனால் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. ராஜபாய் விரலை வைத்துப் பார்த்தாள். வழுக்கியது.

“இழைக்காத கட்டையோட முனையை எவனாவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பானா?” என்று தளவாய் கேட்டார்.

“தேய்க்க மாட்டான். கிறுக்கனா இருந்தாலொழிய.”

“கிறுக்கன் எல்லா இடத்துலயும் தேய்ப்பான். இது ஒரே இடம்.”

ராஜபாய் முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேய்த்த இடத்தில், மரத்தின் நுண்ணிய துளைகளுக்குள்ளே, நீல நிறத்தில் இரண்டு கீறல் பெருக்கல் குறி மாதிரி மங்கலாகத் தெரிந்தது.

“அடையாளம் போட்டிருந்திருக்கு. அதை அழிச்சிருக்காங்க.”

“ஆணி வச்ச கட்டைக்கு அடையாளம் எதுக்கு?”

அவள் மெதுவாகச் சொன்னாள். நூறு கட்டைக்கு நடுவில் ஒரு கட்டையில் கண்ணி வைக்கிறவன், அது எது என்று தனக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். தப்பித் தவறித் தன் கையில் வந்துவிடக் கூடாது. அதனால் குறி போட்டான்.

“சரி. அந்தக் குறியை அழிச்சது யாரு? குறி போட்டவனே அழிப்பானா?”

“மாட்டான்.”

“அழிச்சவங்க யாருக்குத் தெரியக் கூடாதுன்னு அழிச்சாங்க?”

குறி என்னவென்று தெரிந்தவன் ஒருவன்தானே? அதைப் போட்டவன். ராஜபாய்க்கு அந்தச் சாமான் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. தேன்மெழுகு. நீலப் பென்சில். பொய் சொல்லிக் கழற்றின போல்ட்டு. பூட்டின பெட்டி, சாவி சொந்தக்காரனின் அரைஞாண் கயிற்றில்.

“ஆணியை அடிச்சது வன்னியராஜ்” என்றாள்.

ஆமாம் என்று தளவாய் தலையசைத்தார். கட்டை யோசுவாவின் அடுக்குக்குப் போக வேண்டியது; தன் அடுக்கில் வந்தால் குறியைப் பார்த்து அங்கே மாற்றிவிடலாம். பிற்பகலில் யோசுவா தடவிப் பார்க்காமல் தள்ளுவான் என்று வன்னியராஜுக்குத் தெரியும். மூடி இருந்தால் கை தப்பிவிடும் என்றும் தெரியும். அதனால்தான் மூடியைக் காலையிலேயே கழற்றி, முதலாளியின் சம்மதத்தையும் வாங்கி வைத்தான். விரல் இல்லாத தச்சனுக்கு எந்தப் பெண்ணும் கழுத்தை நீட்ட மாட்டாள் என்று நினைத்தான். இவ்வளவும் கச்சிதமாகச் செய்தான். கட்டைதான் அடுக்கு மாறிவிட்டது.

“அடுக்குறது யாரு?” என்று கேட்டுவிட்டு, தளவாய் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். “உப்புத்தாளைக் கையிலேயே வச்சிருக்கிறது யாரு?”

*

சாயங்காலம் பார்வை நேரத்தில் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பொன்னம்மை வராந்தாக் குழாயடியில் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தளவாய் கையில் பழைய பத்திரிகையில் சுற்றின கட்டை இருந்தது. அவர் காகிதத்தை விலக்கி முனையை மட்டும் காட்டினார்.

பொன்னம்மை அதைப் பார்த்தாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் தேய்ச்சேன். நீலம் உள்ள எறங்கியிருக்கு போல” என்றாள்.

மறைக்கிற எண்ணமே அவளிடம் இல்லை. அன்று காலையில் கட்டைகளைச் சுமக்கும்போது அந்த ஒன்றில் மெழுகு பூசின இடத்தைப் பார்த்தாளாம். பாலீஷ் போடுகிறவள், பூசின இடம் கண்ணில் படாமல் போகுமா? நகத்தால் சுரண்டினாள். இரும்பு தெரிந்தது. முனையில் அண்ணனின் நீலக் குறியும் இருந்தது. பட்டறையில் வேறு யாரும் நீலப் பென்சில் வைத்துக்கொள்வதில்லை. யார் கைக்காக அது என்று புரிய நேரம் ஆகவில்லை. சுரண்டின இடத்தில் மறுபடி மெழுகை வைத்து அழுத்தினாள். குறியைத் தேய்த்தாள். கட்டையை அண்ணன் அடுக்கில், நடுவில் செருகினாள். பிறகு போய் நாற்காலி தேய்க்க உட்கார்ந்தாள்.

ராஜபாயால் சும்மா இருக்க முடியவில்லை. “ஆறு பட்டறைக்குப் பின்னாலதானே ஓடுது பொன்னம்மை? கட்டையைத் தூக்கி ஆத்துல போட்டிருக்கலாமே.”

“போட்டிருக்கலாம் அக்கா. பின்னே நாளைக்கு வேற கட்டை. அதுல குறி போடாமலும் வைக்கலாம்.” அவள் தலைத் துண்டை அவிழ்த்தாள். மயிரை ஆட்டு உரோமம் வெட்டுகிற மாதிரித் தாறுமாறாக வெட்டியிருந்தது. காதுக்கு மேல் ஒரு நீளமான காய்ந்த காயம். “யோசுவா பொண்ணு கேக்க வந்த அண்ணைக்கு ராத்திரி அண்ணன் வெட்டினது. மதினி எனக்க காலை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டா. நான் சத்தம் போடல்லை. சத்தம் போட்டா அண்ணனுக்குச் சந்தோஷம் வரும்.”

இனி யோசுவாவைக் கட்டிக்கொள்ளலாமே, தடுக்க யார் இருக்கிறார்கள் என்று தளவாய் கேட்டார். அவர் வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டார். அவளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க.

பொன்னம்மை துண்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள். “அண்ணனை விட்டுட்டு எங்க போறது சார்? கையில்லாத மனுஷன். சோறு ஊட்டணும், குளிப்பாட்டணும், எல்லாம் கழுவி விடணும். மதினி வெளி வேலைக்குப் போனதில்லை. எனக்குச் சம்பளம் உண்டு. சாகுற வரைக்கும் நான் பாத்துக்கிடுவேன்.”

சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். ராஜபாய்க்கு மத்தியானம் அவள்மேல் வந்த மரியாதை இப்போதும் இருந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது. அவளோடு ஒரு அறையில் தனியாகப் படுக்கச் சொன்னால் ராஜபாய் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

*

வன்னியராஜ் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அகன்ற தோள், தடித்த கழுத்து. இரண்டு கையும் துணிப் பந்துகளாக மார்மேல் கிடந்தன. தலைமாட்டில் மாடம்மாள் ஒரு கூடையோடு நின்றிருந்தாள். தளவாயைக் கண்டதும் நிரூபித்துவிட்டீர்களா என்று கண்ணாலேயே கேட்டாள்.

தளவாய் கட்டையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துக் காகிதத்தை விரித்தார்.

வன்னியராஜ் அதைப் பார்த்தான். பிறகு பார்த்தது தங்கையை. அவள் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி ஸ்பூனால் ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. கட்டை எப்படித் தன் அடுக்குக்கு வந்தது என்று அவனுக்கு இத்தனை நாள் தெரிந்துதான் இருந்தது என்று ராஜபாய்க்கு அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது. தெரிந்துகொண்டே வேளாவேளைக்கு அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

தளவாய் மாடம்மாளிடம் எதையும் மெதுவாக்கிச் சொல்லவில்லை. ஆணி அடித்தது உன் புருஷன். யோசுவாவின் கைக்காக அடித்தது. அதைத் திருப்பி வைத்தது இவள். இருவரும் குற்றவாளிகள், யோசுவாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காத அளவில், ஒரு விலாசம் சொல்வது போலச் சொல்லி முடித்தார். மாடம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

பேசினது வன்னியராஜ்தான்.

“பதினெட்டு வருசமா ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பாத்திருக்கேன் ஐயா. அண்ணைக்கு ஒருநாள்தான் பாக்கல்ல. பட்டறையில இருக்கிறது ஒரே ஆணி, அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

பொன்னம்மை கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். “ஆறிட்டு. வாயைத் தொறங்க அண்ணா.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தளவாயைப் பார்த்துக் கெஞ்சினான். போலீஸைக் கூப்பிடச் சொன்னான். ஆணி அடித்ததை ஒத்துக்கொள்கிறேன், எந்த ஜெயிலானாலும் சரி, இன்றைக்கே கொண்டு போகச் சொல்லுங்கள் என்றான். அங்கே யாராவது ஒரு கைதி ஊட்டிவிடுவான், இவள் வேண்டாம் என்றான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்ததைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணனுக்குக் காய்ச்சல். வாய்க்கு வந்ததைப் பேசுது” என்றாள் பொன்னம்மை பக்கத்துக் கட்டிலுக்கு. ஸ்பூன் அவன் உதட்டருகில் அசையாமல் நின்றது.

தளவாய் மாடம்மாளிடம் திரும்பினார். “நீதான் என்னை வேலைக்கு வச்சே. இதுல இருக்கிற சாட்சி இந்தக் கட்டை ஒண்ணுதான். ஸ்டேஷனுக்குக் கொண்டு போனா ரெண்டு பேரையும் பிடிப்பாங்க. கொண்டு போறதா வேண்டாமான்னு நீ சொல்லணும்.”

மாடம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைப் பலமாக ஆட்டினான், கொண்டு போ, கொண்டு போ என்று. அவள் அவனுடைய கைகளைப் பார்த்தாள். பிறகு பொன்னம்மையின் கைகளைப் பார்த்தாள். மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற கைகள் அந்த வீட்டில் இப்போது அவை மட்டும்தான். ராஜபாய் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒருத்தி மனசுக்குள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை.

மாடம்மாள் குனிந்து கட்டையை எடுத்தாள். பத்திரிகையில் மறுபடி சுற்றிக் கூடைக்குள், வெற்றுத் தூக்குப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், நிறுத்தி வைத்தாள்.

“காஞ்ச பலா” என்றாள் யாருக்கென்றில்லாமல். “வெந்நீர் போட ஆகும்.”

பொன்னம்மை ஸ்பூனால் அவன் உதட்டை ஒரு முறை தட்டினாள். வன்னியராஜ் கூடையையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான்.